நான் அழித்த பத்தி

எங்கள் அலுவலகம் ஓசூரில் தளி சாலையில், ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. அப்போது நிரல் எழுதுகிறவர்கள் ஏழு பேர், அதைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் இரண்டு பேர், ஒரு மேனேஜர், ஒரு முதலாளி. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வருகைப்பதிவு, ஷிப்ட் பட்டியல், தரச் சோதனை என்று மென்பொருள் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. மேனேஜர் ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் இந்த அலுவலகத்துக்குத் தேவையில்லை என்று முதலாளிக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்ல இத்தனை நாள் தள்ளிப்போட்டுவிட்டேன்.

நான் பர்கூரில் பொறியியல் படித்தவன். அப்பாவுக்கு அந்தப் பக்கம் நிலம் உண்டு, மாந்தோப்பு உண்டு. மேனேஜர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் டைம் ஆபீசில் வருகைப் பதிவேடு எழுதி, பிறகு அதையே கணினியில் ஏற்றக் கற்றுக்கொண்டு, அப்படியே எங்கள் முதலாளியின் கண்ணில் பட்டு இங்கே வந்தவர். நிரல் எழுதத் தெரியாது. இதை நாங்கள் ஏழு பேரும் எங்களுக்குள் அடிக்கடி சொல்லிக்கொள்வோம்.

அவரோடு வேலை செய்வது சுலபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலை பத்து மணிக்கு எல்லோரையும் நிற்க வைத்து ஒரு கூட்டம் போடுவார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். நேற்றுச் சொன்ன பதிலையே இன்றும் சொல்ல வைத்து நீள நோட்டில் எழுதிக்கொள்வார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சிக்கலுக்குள் இறங்கியிருக்கும்போது தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "தம்பி, ஒரு நிமிஷங்க" என்பார். வியாழக்கிழமை ஆனால் அலுவலகத்தில் இருக்க மாட்டார். பஸ் ஏறி ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குப் போய்விடுவார். டீ குடித்துவிட்டு வரப் போகிறார் என்று நாங்கள் சிரிப்போம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவர் நோட்டைப் பிரித்து வாசிக்கும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இவ்வளவுதான் என்றால் எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். ஆனால் இதற்கு நடுவில் என் வீட்டு விசேஷம் ஒன்று நடந்தது.

ஓசூரில் நான் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. அலுவலகத்தில் எல்லோரையும் அழைத்திருந்தேன். ஒன்பது மணிவாக்கில் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். மேனேஜர் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்திருந்தார். அப்பா வாசலில் நின்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். மேனேஜரின் பேச்சில் எங்கள் பக்கத்துச் சாயல் இருந்ததால் எந்த ஊர் என்று கேட்டார். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர்.

"ஊருக்குள்ளயா இருக்கறீங்க?" என்றார் அப்பா.

"இல்லைங்க. காலனிங்க" என்றார் மேனேஜர். ஊர்ப் பெயரைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு அடுத்து வந்தவர்களைக் கவனிக்கப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முதல் பந்தி உட்கார்ந்தது. மேனேஜர் எங்கள் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் பெரியப்பா வீட்டார். அப்பா என்னை மாடிப்படிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தம்மாவை அடுத்த பந்தியில் உட்காரச் சொல் என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக் கடன் என் பெயரில், பத்திரிகையில் என் பெயர், வந்தவர் என் விருந்தாளி. நான் நேராகப் போய் அவர் பக்கத்தில் குனிந்தேன்.

"மேடம், எலை கொஞ்சம் பத்தலை. அடுத்த பந்தில உக்காரலாங்களா?"

எனக்குப் பின்னால் சுவரோரம் ஒரு கட்டு இலை பிரிக்காமல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிங்க தம்பி" என்று எழுந்தார். வீட்டில் வேலை இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அந்த இரண்டு பேரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்த இடத்தில் பெரியப்பாவின் மருமகன் வந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக் கூட்டத்தில் அவர் வழக்கம்போல எல்லோரிடமும் வேலையைக் கேட்டார். என்னிடமும் கேட்டார். நான் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன். அன்றிலிருந்து அவர் செய்வது எதுவும் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவர் நோட்டு, அவர் பேனா, "தம்பி" என்று அவர் கூப்பிடுவது, டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் கேட்கவில்லை. தினமும் பத்து மணிக்கு அந்த முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்ததுதான் என் கஷ்டம். ஆனால் அதை நான் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. தொழில்நுட்பம் தெரியாதவர் கீழே வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி எங்கள் எல்லோருக்கும் ஏ.ஐ. கருவி வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் எடுக்கும் வேலையை அது அரை மணியில் எழுதியது. பழைய நிரலைக் கொடுத்தால் படித்து விளக்கியது. கூட்டத்தில் பேசியதைச் சுருக்கிக் கொடுத்தது, யாருக்கு என்ன வேலை என்று பிரித்தும் கொடுத்தது. நாங்கள் மேஜைக்கு மேஜை போய் ஒருவர் திரையை ஒருவர் பார்த்து மகிழ்ந்தோம். மேனேஜரும் அதைக் கற்றுக்கொள்ள வந்தார். அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. வியாழக்கிழமை தான் போகும் ஆலைகளில் பெண்கள் சொல்வதை அப்படியே தமிழில் போட்டால் அதற்குப் புரியுமா என்று கேட்டார். புரியும் என்றேன். அவர் ஏதோ தட்டினார், அது ஒழுங்காகவே பதில் சொன்னது. அவருக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கு, இனி இவர் எதற்கு என்ற எண்ணம் அந்த நிமிஷத்தில்தான் உருவாகி வந்தது.

பிறகு ஒரு வாடிக்கையாளர் எங்களை விட்டுப் போனார். முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கவலை வந்தால் அவசரப்படுவார். யாராவது ஒருவரைக் குறைத்தாக வேண்டும் என்றார்.

"இந்த ஏ.ஐ. வந்ததுக்கு அப்பறம் நமக்கு மேனேஜர் வேணுமாப்பா? நீ மனசுல பட்டதச் சொல்லு. ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

யோசிக்க நேரம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஒரு வருஷத்து வேலைப் பட்டியல், குழுவில் போன செய்திகள், நிரலில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு, எல்லாவற்றையும் அந்தக் கருவிக்குக் கொடுத்தேன். இதை வைத்து மேனேஜர் பதவியின் பயன் என்ன என்று ஓர் அறிக்கை எழுதச் சொன்னேன். அழகாக எழுதியது. அவர் பெயரில் நிரல் மாற்றம் ஒன்றும் இல்லை. செய்திகளில் முக்கால்வாசி கேள்விகள். வியாழக்கிழமைகளுக்கு எந்தப் பதிவும் இல்லை. எனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. ஆனால் கடைசியில் நான் கேட்காத ஒரு பத்தியும் இருந்தது. இந்தப் பதிவுகளில் எழுத்தில் இருப்பது மட்டுமே உள்ளது. வாடிக்கையாளர் இடத்தில் நடந்த பேச்சும் குழுவுக்குள் நேரில் நடந்த பேச்சும் இதில் வராது. ஒருவருடைய வேலையின் மதிப்பை இதை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியாக இருக்காது. அவரிடமும், அவர் யாருக்காக வேலை செய்தாரோ அவர்களிடமும் கேட்பது அவசியம் என்று எழுதியிருந்தது.

நான் அதை இரண்டு முறை படித்தேன். அந்தப் பத்தி இல்லாமல் எழுதித் தா என்றேன். எழுதித் தந்தது. ஆனால் அந்தக் குறையை எங்காவது ஒரு வரியிலாவது சொல்வது நியாயம் என்று மறுபடியும் கீழே சேர்த்திருந்தது. அந்த வரியை என் கையாலேயே தேர்ந்தெடுத்து அழித்தேன். ஏ.ஐ. தப்பாகச் சொல்லிவிட்டது என்று பின்னால் நான் யாரிடமும் சொல்ல முடியாமல் போனது இதனால்தான். அது சரியாகத்தான் சொன்னது.

அடுத்த மாதம் மேனேஜர் போனார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தோம். போகும் முன் மூன்று நீள நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"எல்லாம் இதுல இருக்குதுங்க. கையெழுத்து புரியலைன்னா கூப்புடுங்க" என்றார்.

நான் நன்றி சொன்னேன். அவர் படியிறங்கியதும் நோட்டுகளை அலமாரியின் கீழ்த்தட்டில் போட்டேன்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் நன்றாகவே போயின. பத்து மணிக் கூட்டம் நின்றது. வேலை வேகமாக நடந்தது. முதலாளி என்னைக் குழுத் தலைவன் ஆக்கினார். மேனேஜர்கள் இல்லாமலேயே ஒரு குழு எப்படி நன்றாக இயங்கும் என்று பெங்களூரில் வேலை செய்யும் நண்பர்களிடம் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

அந்தச் சமயத்தில் கூழ் ஆலை ஒன்றின் வருகைப்பதிவு மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் உள்ள ஆலை. மாம்பழ சீசனில் மட்டும் ஓடும். ஊத்தங்கரைப் பக்கத்து வறண்ட கிராமங்களிலிருந்து பெண்கள் வேன்களிலும் பஸ்களிலும் வந்து பழம் கழுவுவார்கள், தோல் சீவுவார்கள், வெட்டுவார்கள். கேட்டில் விரல்ரேகை மெஷின். விரல் வைத்தால் கதவு திறக்கும், வருகை பதிவாகும். தொடர்ந்து மூன்று நாள் வராதவர் பெயர் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும்; மேஸ்திரி வேறு ஆளைச் சேர்ப்பார். அது ஆலையின் விதி.

பழைய நிரலில் ஓர் இடம் விநோதமாக இருந்தது. மூன்று முறை விரல் வைத்தும் மெஷின் எடுக்கவில்லை என்றால், வரவில்லை என்று போடாமல், பெயரைத் தனியாக நிறுத்தி வைத்து, அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடும்படி காவலாளிக்குத் தகவல் காட்டும் ஒரு சுற்றுவழி. ஏன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வேறொருவருக்குப் பதிலாக ஆள் நுழைய இது ஓர் ஓட்டை என்று எனக்குத் தோன்றியது. கருவியிடம் எல்லாவற்றையும் சுத்தமாக எழுதச் சொன்னேன். எழுதியது. இந்த ஒரு பகுதியின் காரணம் நிரலை வைத்துத் தெரியவில்லை, ஆலையின் நடைமுறை சார்ந்ததாக இருக்கலாம், எடுப்பதற்கு முன் தெரிந்தவரிடம் கேட்பது நல்லது என்று குறிப்பு போட்டது.

தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எண் என் போனில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கூப்பிட்டால் "சொல்லுங்க தம்பி" என்பார். அதைக் கேட்க எனக்குத் திராணி இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதை எடுத்துவிடு என்று தட்டினேன்.

சீசன் தொடங்கியது. முதல் பத்து நாள் ஒரு புகாரும் இல்லை. அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் காலை டைம் ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசியவர் முதலில் பழைய மேடத்தைக் கூப்பிட்டதாகவும், அவர், தான் இப்போது எங்கள் அலுவலகத்தில் இல்லை என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்ததாகவும் சொன்னார். வெட்டும் வரிசையில் பழைய கைகள் பலரைக் காணோம், பட்டியலிலும் பெயர் இல்லை, என்ன ஆயிற்று என்று பாருங்கள் என்றார்.

நான் பைக்கில் கிளம்பிப் போனேன். கேட்டுக்கு வெளியே சுற்றுச்சுவர் நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று பேர். மூன்று நாள் வந்து, மெஷின் விரலை எடுக்காமல், நாளைக்கு வாருங்கள் என்று காவலாளி திருப்பி அனுப்பியவர்கள். மெஷினைப் புதுப்பித்திருக்கிறார்கள், அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று காவலாளி நினைத்திருக்கிறார். நான்காம் நாள் அவர்கள் பெயரே இல்லை. இருந்தும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். போய்விட்டால் அவ்வளவுதான் என்ற பயம்.

மெஷினில் ஒரு கோளாறு, சரி செய்ய வந்திருக்கிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். நடு வயதுப் பெண் ஒருவர் எழுந்து வந்தார்.

"மெஷினுக்குக் கோளாறுன்னா எங்களை ஏங்க திருப்பி அனுப்புனீங்க?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் வெளுத்து, வழவழவென்று, தோல் உரிந்து கிடந்தன. நாள் முழுக்க பெங்களூரா மாம்பழத்தின் சாற்றிலும் காம்புப் பாலிலும் கழுவுகிற தண்ணீரிலும் ஊறினால் பத்துப் பன்னிரண்டு நாளில் ரேகை போய்விடும் என்றார். வருஷா வருஷம் இப்படித்தான், சீசன் முடிந்து ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடும் என்றார்.

"பழைய மேடம் வரலைங்களா? அவங்க வந்தா மொதல்ல எங்க விரலத்தான் பாப்பாங்க."

நான் வாங்கிய சம்பளத்துக்கு, நான் படித்த படிப்புக்கு, அந்தக் கையை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். என் அப்பாவின் தோப்பில் விளைந்த காயும் அதே ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பழத்தை வெட்டினால் கைக்கு என்ன ஆகும் என்று எனக்கு முப்பத்து நான்கு வயது வரை தெரியாது.

அலுவலகத்துக்குப் போன் செய்து, அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் நோட்டுகளை எடுத்து இந்த ஆலையின் பக்கத்தைத் தேடச் சொன்னேன். எங்கள் பையன்களில் ஒருவன் தேடி எடுத்து வாசித்தான். ஒவ்வொரு வரியும் அவர் குரலிலேயே இருந்தது. "விரல் தேயுது. பத்து நாளுக்கு மேல மெஷின் எடுக்கறதில்லை. மூணு தடவை பாத்துட்டு அட்டையக் காட்டச் சொல்லி உள்ள விடணும். ஆப்சென்ட் போடக் கூடாது. இத எடுத்துடாதீங்க." கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறது என்று அவன் சொன்னான். ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாசித்ததாக ஓரத்தில் குறித்திருந்ததாம்.

காவலாளியின் அறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். நடந்ததைக் கருவியிடம் சொன்னேன். பத்து நிமிஷத்தில் பழைய வழி திரும்ப வந்தது. சோதித்துப் பார்த்தேன், வேலை செய்தது. ஆனால் பெயர்கள் போன இடத்தில் மேஸ்திரி வேறு பெண்களைச் சேர்த்திருந்தார். அவர்களும் அதே மாதிரிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களை எப்படி அனுப்புவது என்று ஆலைக்காரர்கள் கேட்டார்கள். மதியம் வரை பேசியதில் பதினைந்து பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எட்டுப் பேருக்கு இடமில்லை. அந்த எட்டுப் பேரும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.

மேனேஜர் அப்போது பர்கூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனேன். நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைக்கு வந்தார். கழுத்தில் புது அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி. எத்தனை பேருக்குங்க வேலை போச்சு?" என்றார்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தப் பெண்களில் மூன்று பேர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடமிருந்து எட்டுப் பேரின் பெயர்களையும் வாங்கி எழுதிக்கொண்டார். வேறு இரண்டு ஆலைகளுக்குக் காலையிலேயே போன் செய்ததாகவும், நான்கைந்து பேருக்கு இடம் கிடைக்கலாம் என்றும் சொன்னார். இந்த வேலைக்கு எந்தக் கூழ் ஆலையும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, எங்கள் முதலாளியும் கொடுக்கவில்லை.

நிரலிலிருந்து அந்தப் பகுதியை எடுத்தது நான்தான், கேட்காமல் எடுத்தேன், மன்னிக்க வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு அறிக்கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் நடுவில் நிறுத்தினார்.

"அத எனக்கு சார் காட்டினாருங்க. பதில் ஏதாச்சும் இருந்தா எழுதுங்கன்னாரு. நான் எழுதலை."

"ஏங்க மேடம்?"

"வேலையப் பத்தின பேச்சா இருந்தா எழுதியிருப்பேன். அது வேலையப் பத்தின பேச்சு இல்லைங்களே. உங்க வீட்டு விசேஷத்துக்கு அப்பறம் நீங்க என் மொகத்தப் பாத்துப் பேசுனதே கெடையாது."

டீக்கடைக்காரர் தம்ளர்களை வைத்துவிட்டுப் போனார். நான் அன்றைக்கு நடந்ததற்கும் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "மேடம், அன்னைக்கு..." என்றேன்.

"வேண்டாங்க" என்றார். "நீங்க கேட்டா நான் பரவாயில்லைன்னு சொல்லணும். அப்படிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லைங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தேதியைத் தள்ளிப்போட முடியாது என்று வாடிக்கையாளரிடம் சொல்வாரே, அந்த மாதிரிச் சொன்னார். டீயைக் குடித்து முடித்தார். நேரமாகிவிட்டது என்று எழுந்து சாலையைக் கடந்து உள்ளே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் பேசினேன். அன்றைக்கு நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அவர் தோப்புக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் உங்கிட்டத்தான்டா சொன்னேன். அவங்ககிட்டப் போய்ச் சொன்னது நீதானே?"

சண்டை போடலாம் என்று போயிருந்தேன். அதற்குப் பிறகு சண்டை போட ஒன்றும் இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிடாமல் பஸ் ஏறினேன். அது யாருக்கும் எந்த விதத்திலும் உதவவில்லை என்பதும் தெரியும்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த பத்தியை, எடுத்த நிரலை, திரும்ப எடுக்கப்படாத எட்டுப் பேரை. விசேஷ வீட்டில் நடந்ததையும் சொன்னேன். அந்தப் பத்தி இருந்திருந்தாலும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேனோ என்னவோ என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டும் இருந்தேன். பிறகு அது நிற்கவில்லை. அவர் மேனேஜரைக் கூப்பிட்டுத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டார். வரவில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் நீயே தொழிற்சாலைகளுக்குப் போய் வா என்றார்.

இப்போது வியாழக்கிழமைகளில் நான்தான் போகிறேன். அந்த வேலை எனக்குக் கைவரவில்லை. நான் கேட்டால் ஆட்கள் "எல்லாம் நல்லாத்தாங்க இருக்குது" என்கிறார்கள். அடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரிவதில்லை. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுப் பார்க்கிறேன். இரண்டாவது தடவையே எனக்கே கூச்சமாகிவிடுகிறது. நிரல் எழுத ஏ.ஐ. இருக்கிறது, முன்னைவிட நன்றாகவே எழுதுகிறது. தனக்குத் தெரியாததை அது கடைசியில் பட்டியல் போட்டுக் கொடுக்கும்போது இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் படிக்கிறேன். அந்தப் பட்டியலில் இருப்பதை யாரிடம் போய்க் கேட்பது என்று மட்டும் அதற்கும் தெரியாது, எனக்கும் பாதி நேரம் தெரியாது.

எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மேனேஜர் அந்த சீசனிலேயே வேறு ஆலைகளில் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டார். மீதி மூன்று பேரைப் பற்றி இந்த வருஷம் விசாரித்தேன். ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார். ஒருவர் ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறார். மூன்றாமவரைப் பற்றி கேட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் கணினியில் அவர் பெயரும் ஊரும் மட்டும் இருந்தன. ஒரு சனிக்கிழமை ஊத்தங்கரை பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் மாறி, அந்த ஊருக்குப் போய் இறங்கினேன். ரேஷன் கடை வாசலில் நின்றிருந்தவர்களிடம் பெயரைச் சொன்னேன்.

அந்தப் பெயரில் இங்கே நாலு பேர் இருக்கிறார்கள் என்றார் ஒருவர். எந்த வீட்டுப் பெண், எப்படி இருப்பார், என்ன வயசு என்று கேட்டார்கள். அன்றைக்குச் சுவரோரம் உட்கார்ந்திருந்த முகங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். எண்ணிக்கைதான் ஞாபகம் வந்தது. கை விரித்துக் காட்டியவரைத் தவிர ஒரு முகத்தையும் நான் பார்த்திருக்கவில்லை. தெரியவில்லைங்க என்றேன். சொந்தக்காரரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பிறகு எதற்குத் தேடுகிறீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். மெஷினால் வேலை போனவர், அந்த மெஷினை மாற்றியவன் நான் என்றேன்; அது அவருக்கு விளங்கவில்லை. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்று வழி சொல்லிவிட்டு அவர் தன் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.